சமூக சேவைத் தண்டனை யாரைச் சிறையிலிருந்து காப்பாற்றுகிறது? (விவாத இழை)

இழையைத் தொடங்கிய வாசகர், 3 ஆகஸ்ட் 2025

புதிய குற்றவியல் சட்டத்தில் சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்துவிட்டார்கள். இனிமேல் சிறைகள் காலியாகும், குற்றமும் குறையும் என்று தொலைக்காட்சியில் ஒருவர் அடித்துப் பேசினார். திருடனைக் கொண்டுபோய்த் தெருக் கூட்டச் சொன்னால் திருந்திவிடுவானா? இது தண்டனையா, சலுகையா? கோர்ட் பக்கம் போய்வருகிறவர்கள் சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட், இரவு

தண்டனையா சலுகையா என்பது இருக்கட்டும். எந்தக் குற்றத்துக்கு என்று முதலில் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவை ஆறே இடங்களில்தான் வருகிறது. அரசு ஊழியர் விதியை மீறி வியாபாரம் செய்வது, கோர்ட் பகிரங்க அறிவிப்பு கொடுத்தும் வந்து ஆஜராகாமல் இருப்பது, அதிகாரியைப் பணியவைப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வது, 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை, அவதூறு. தீர்ந்தது.

இந்த ஆறு பேரில் இன்று சிறையில் கிடப்பவர் யார்? நான் வக்கீல், தென் மாவட்டத்தில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டை நம்பித்தான் என் பிழைப்பு. அவதூறு வழக்கில் ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போனதை நான் பார்த்ததில்லை. விதியை மீறி வியாபாரம் செய்த அரசு ஊழியர் மீது துறை நடவடிக்கை வரும், சஸ்பெண்ட் ஆவார், பிறகு ஒருநாள் வேலைக்கே திரும்பிவிடுவார். போகாத ஆட்களைச் 'சிறைக்குப் பதிலாக' என்று சொல்லி வேறெங்கோ அனுப்பினால் சிறை எப்படிக் காலியாகும்?

4 ஆகஸ்ட்

'குடித்துவிட்டு ரகளை செய்பவன் தினமும் உள்ளே போகிறானே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போகிறான், ஆனால் சிறைக்கு இல்லை. புதிய சட்டத்தின் 355-ஆம் பிரிவில் அதற்கு அதிகபட்சமே 24 மணி நேரக் காவல், அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. சென்னையில் இதே ஆட்களை 1888-ஆம் வருடத்து நகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் பிடித்துக்கொண்டு வருவார்கள். '75 கேஸ்' என்றால் எந்தக் காவலருக்கும் தெரியும். வரிசையாக நிறுத்திக் கேட்பார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள், அபராதம் கட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார்கள்.

அந்த ஆளுக்கு இப்போது அபராதத்துக்குப் பதிலாகப் பூங்காவில் வேலை என்றால் தண்டனை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. கூட்டக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. சிறைக்கு மாற்று என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள் என்கிறேன்.

4 ஆகஸ்ட், பிற்பகல்

அவதூறுக்கு என்ன சேவை கொடுக்கலாம் என்று கேட்ட குறும்புக்கார நண்பருக்கு: அவதூறு பேசிய அரசியல்வாதி ஒரு மாதம் பேசாமல் இருப்பதே தன் தொகுதிக்குச் செய்யும் சேவைதான். ஆனால் சட்டத்தில் 'வேலை' என்று இருக்கிறது, மௌனத்தை அதில் சேர்க்க முடியாது.

6 ஆகஸ்ட்

ஆறையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டேன் என்று வருத்தப்படுகிறார்கள். சரி, திருட்டைத் தனியாகப் பிரித்து எடுக்கிறேன். அதற்கு அந்தத் தகுதி உண்டு.

மற்ற ஐந்திலும் சமூக சேவை 'அல்லது' போட்டு வருகிறது. நீதிபதி விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிட்டால் சிறையோ அபராதமோ. திருட்டில் மட்டும் அப்படி இல்லை. பொருளின் மதிப்பு 5,000-க்குக் கீழ், முதல் முறை தண்டனை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் சமூக சேவைதான், வேறு தண்டனை இல்லை. சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருடம் வரை சிறை இருக்கும் நாட்டில் இது பெரிய மாற்றம்.

இப்போது அந்த 5,000 ரூபாயை யார் எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். பஸ் நிலையத்தில் ஒருவன் செல்போனை அடித்துவிட்டான். இரண்டு வருடம் பழையது, திரையின் ஒரு மூலை விரிசல் விட்டிருக்கிறது, சார்ஜ் செய்யும் ஓட்டையில் தூசி அடைத்திருக்கிறது. பழைய செல்போன் வாங்குகிற கடையில் 2,500 கொடுத்தால் அதிகம். பறிகொடுத்தவர் வாங்கிய விலையைச் சொல்வார், பன்னிரண்டாயிரம் என்று. பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் மகசரில் எது ஏறும்? 5,000-க்குக் குறைந்த திருட்டு ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அதோடு, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாகப் புலன் விசாரணை செய்ய முடியாத குற்றமும்கூட. கீழே எழுதினால் எஃப்.ஐ.ஆர். இல்லை, கைது இல்லை. மேலே எழுதினால் இரண்டும் உண்டு. ஆளைப் பிடித்துக் கையில் வைத்திருக்கும் நிலையம் எந்தத் தொகையை எழுதும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எல்லா ஏட்டையாக்களும் அப்படி என்று சொல்லவில்லை. அந்த ஒரு வரியில்தான் பையனின் தண்டனை முடிவாகிறது என்கிறேன்.

7 ஆகஸ்ட்

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. மதிப்பு 5,000-க்கு மேல் ஏறிவிட்டது என்று வையுங்கள். ரிமாண்ட். ஜாமீன் மனு போட்டு உத்தரவு வாங்கிவிடுவோம். பிறகு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், ரத்த உறவாக இருந்தால் நல்லது. வி.ஏ.ஓ.விடம் சான்று, வீட்டு வரி ரசீது. பையனின் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவள், வாடகை வீடு, வீட்டு வரி ரசீதுக்கு அவள் எங்கே போவாள்? உத்தரவு கையில் இருக்கும், ஆள் கிளைச் சிறையில் இருப்பான். கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்பான். இதுவரை கழித்த காலமே தண்டனை என்று தீர்ப்பு எழுதி வெளியே அனுப்புவார்கள்.

அவன் அனுபவித்த சிறை முழுவதும் தீர்ப்புக்கு முந்தியது. சமூக சேவையோ தீர்ப்புக்குப் பிந்தியது. இரண்டும் எங்கே சந்திக்கும்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கைப் பாருங்கள். நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நாலில் மூன்று பங்கு. இடம் நூறு பேருக்கு என்றால் இருப்பது 131 பேர். தண்டனையின் வகையை மாற்றி இந்த நெரிசலைத் தொடவே முடியாது. ஜாமீனைத் தொட வேண்டும். முதல் முறை வழக்கில் மாட்டியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் பிணையில் விடுவிக்க வேண்டும் என்கிற, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, ஆள் குறைப்பதில், சமூக சேவையைவிட ஆயிரம் மடங்கு வேலை செய்யக்கூடியது. அதைப் பற்றித் தொலைக்காட்சியில் யாரும் பேசக் காணோம்.

10 ஆகஸ்ட்

'வெளிநாட்டில் எல்லாம் குற்றம் குறைந்திருக்கிறதே, உங்களுக்கு மட்டும் என்ன வயிற்றெரிச்சல்' என்று ஒரு தம்பி. வயிற்றெரிச்சல் இல்லை தம்பி, படித்ததைச் சொல்கிறேன்.

நெதர்லாந்தில் குறுகிய காலச் சிறைக்குப் போனவர்களையும் சமூக சேவை செய்தவர்களையும் வயது, பழைய வழக்கு எல்லாம் பொருத்திப் பார்த்து ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வந்தது. சேவை செய்தவர்கள் மறுபடி குற்றத்தில் மாட்டுவது ஏறக்குறைய 47 சதவீதம் குறைவு. இங்கிலாந்து நீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வும் ஒரு வருடத்துக்குட்பட்ட சிறையைவிட வெளியில் கழிக்கும் தண்டனைக்குப் பிறகு மறு குற்றம் குறைவு என்றே சொல்கிறது. அங்கே வித்தியாசம் அடக்கமானது, நூற்றுக்கு நாலு பேர் என்ற அளவில்.

எனக்குப் பிடித்தது சுவிட்சர்லாந்து. வோ மாநிலத்தில் 1990-களில் 14 நாள் வரை சிறைக்குப் போக வேண்டியவர்களில் யார் சிறைக்கு, யார் சேவைக்கு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தற்செயலாகவே தீர்மானித்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் சேவைக்காரர்கள் தேவலை. பத்து வருடத்துக்கு மேல் கழித்து அதே ஆட்களைத் தேடிப் பார்த்தால் வித்தியாசம் கரைந்துவிட்டது. இரண்டு வாரச் சிறை ஒருவனை ஆயுளுக்கும் கெடுத்துவிடவில்லை, இரண்டு வாரச் சேவை ஆயுளுக்கும் திருத்திவிடவும் இல்லை.

என் கணக்கு இதுதான். குறுகிய சிறையைவிடச் சேவை மோசம் என்று உருப்படியான ஆய்வு எதிலும் நான் படிக்கவில்லை. செலவு குறைவு, வேலை போகாது, வீடு கலையாது. இது போதாதா? குற்றமே ஒழியும் என்று ஏன் அதன் தலையில் ஏற்ற வேண்டும்?

10 ஆகஸ்ட், இரவு

இங்கிலாந்துதான் இதற்குத் தாய்வீடு என்று எழுதியவருக்கு: கலிபோர்னியாவின் அலமீடா கவுண்டியில் 1966-லேயே, போக்குவரத்துக் குற்றத்தில் மாட்டி அபராதம் கட்ட வழியில்லாத பெண்களை இப்படி வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1972-இல் சட்டம், 1973-இல் சில பகுதிகளில் சோதனை. 40 முதல் 240 மணி நேரம். ஆரம்பக் காலத்திலேயே ஆராய்ந்து பார்த்ததில், சேவைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் இல்லாவிட்டால் சிறைக்குப் போயிருப்பார்கள் என்று தெரிந்தது. மீதிப் பேர் அபராதம் போன்ற வேறு தண்டனையோடு போயிருக்க வேண்டியவர்கள். நான் முதல் நாளில் இருந்து புலம்புவதும் இதைத்தான்.

பின்லாந்துக்காரர்கள் இந்த ஓட்டையை அடைத்த விதம் சாமர்த்தியமானது. 1991-இல் சோதனை, 1994-இல் நாடு முழுவதும். நீதிபதி முதலில் வழக்கம்போலச் சிறைத் தண்டனையை விதிக்க வேண்டும். அது எட்டு மாதத்துக்குள் இருந்தால் மட்டும், அடுத்த படியாக அதைச் சேவையாக மாற்றலாம், ஒரு நாள் சிறைக்கு ஒரு மணி நேரம் என்று. சிறைக்குப் போகிறவன் என்று முதலில் முடிவாகாமல் சேவைக்குள் யாரும் நுழையவே முடியாது. நம்முடைய சட்டத்தில் ஆளைச் சேர்க்க வாசல் இருக்கிறது, வடிகட்ட ஒன்றும் இல்லை.

13 ஆகஸ்ட்

கோர்ட் தலைமை எழுத்தராக, அதாவது சிரஸ்தாராக, இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் தனிச் செய்தியில் ஞாபகப்படுத்தினார்: 'கோர்ட் கலையும் வரை தண்டனை என்று ஒன்று நம்மிடம் காலங்காலமாக இருக்கிறதே, அது சிறைக்கு மாற்று இல்லையா?'

இருக்கிறது ஐயா. தெரியாதவர்களுக்காக: சின்ன வழக்குகளில் நீதிபதி எழும் வரை கோர்ட்டிலேயே இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வரும், கூடவே அபராதம். எங்கள் கோர்ட்டில் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில், மின்விசிறிக் காற்று எட்டாத ஒரு மூலை இதற்கென்றே ஆகிவிட்டது. மணல் வண்டி வழக்கில் ஒரு பெரியவர் அங்கே உட்கார்ந்திருந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார், கோயிலுக்கு வந்தவர் மாதிரி. பதினொன்றரைக்கே தண்டனை ஆரம்பமாகிவிட்டது. மதியம் எல்லாரும் சாப்பிட எழுந்தபோது அவரும் எழுந்தார், காவலர் கையைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டார். என் ஜூனியர் வாங்கிக் கொடுத்த தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தார், கோர்ட்டுக்குள் சாப்பிடக் கூடாது என்று. பிற்பகல் முழுவதும் யார் யாரோ குறுக்கு விசாரணை செய்தார்கள், அவர் ஒவ்வொரு வழக்கையும் கவனமாகக் கேட்டார். ஐந்து மணிக்கு நீதிபதி எழுந்ததும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அந்த ஒரு நாளால் யாருக்கும் ஒரு கிண்ணம் தண்ணீர்கூட லாபம் இல்லை. அதே நேரம் அந்த ஆளைக் கண்காணிக்கத் தனி அலுவலர் வேண்டாம், ரிப்போர்ட் வேண்டாம், ஏமாற்றவும் வழியில்லை. நாலு நாளாக இதை யோசிக்கிறேன். ஐந்தரை மணி நேரத்தை வீணாக்கும் தண்டனை சுத்தமாக நடக்கிறது. பயனுள்ள தண்டனைக்குத்தான் ஆள், கணக்கு, கருவி எல்லாம் வேண்டியிருக்கிறது.

14 ஆகஸ்ட்

புனே வழக்கைச் சொல்லிக் கொதித்திருக்கிறார் ஒருவர். 2024 மே மாதம், 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இரண்டு ஐ.டி. ஊழியர்கள் இறந்தார்கள், சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். கொதிப்பு நியாயம். ஆனால் அது தண்டனை அல்ல, ஜாமீன் நிபந்தனை. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சமூக சேவை உத்தரவிட இளைஞர் நீதிச் சட்டத்தில் 2000-லேயே இடம் உண்டு, அது வேறு.

ஜாமீன் நிபந்தனையாகச் சேவை கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். குற்றம் செய்தானா என்று முடிவாகும் முன்னால் எதற்குக் கூலியில்லாத வேலை?

நானே ஒருமுறை பார்க்கப் போனேன். பைக் ரேஸ் வழக்கில் நான் ஆஜரான பையன்கள் இரண்டு பேரை ஒரு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் உதவச் சொல்லி உத்தரவு. அங்கே தலைமைச் செவிலியருக்கு இவர்கள் வரப்போவதே தெரியாது. "தம்பி, உங்களிடம் நான் எதைக் கொடுப்பது? ஊசியைக் கொடுக்கவா?" என்று கேட்டார். ஸ்டிரெச்சர் தள்ளச் சொன்னால் கீழே போட்டுவிட்டால் யார் பொறுப்பு என்று ஒரு தகராறு. கடைசியில் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து செல்போன் பார்த்துவிட்டு, சாயங்காலம் பதிவேட்டில் கையெழுத்து. ஒருவன் மட்டும் ஒரு நாள் கால் உடைந்த ஒரு பாட்டியை எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போனான். அதைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். நிபந்தனையைப் பூர்த்தி செய்ததாக இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிச் சான்று.

17 ஆகஸ்ட்

சட்டம் இதற்கு என்ன வழி சொல்கிறது என்று கேட்டால், நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 23-ஆம் பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது: சமூகத்துக்குப் பயன்படும் வேலை, ஊதியம் கிடையாது. எத்தனை மணி நேரம், எங்கே, யார் பொறுப்பு, வேலையில் கை நசுங்கினால் சிகிச்சை யார் செலவு, எதற்கும் அதில் பதில் இல்லை. செய்யாவிட்டால் என்ன என்பது மட்டும் தெளிவு. சிறை.

1978-இல் பழைய தண்டனைச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்த மசோதாவிலேயே இது இருந்தது. மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவை கலைந்ததும் காலாவதியானது. நாற்பத்தைந்து வருடம் அவகாசம் கிடைத்தும் மணி நேரம் எழுத மறந்துவிட்டோம்.

18 ஆகஸ்ட்

'கக்கூஸ் கழுவச் சொன்னால் புத்தி வரும்' என்று எழுதியவருக்கு இருபத்துமூன்று பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறீர்கள். அதனால் இது கொஞ்சம் நீளும்.

எங்கள் ஊர் நகராட்சியில் அந்த வேலையைத் தினமும் காலை ஐந்து மணிக்குச் செய்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? துடைப்பத்தைத் தண்டனை என்று அறிவித்தால், அதைப் பிடித்துப் பிழைப்பவர்களை நிரந்தரக் கைதிகள் என்று சொன்னது ஆகாதா? அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பது இந்த நாட்டில் ரகசியமும் இல்லை. சிறைக்குள்ளேயே கூட்டுவது ஒரு சாதிக்கும் சமைப்பது இன்னொரு சாதிக்கும் என்று சிறைக் கையேடுகளில் விதி வைத்திருந்தார்கள். அந்த விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபர் 3 அன்று. அதைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்து நட வேண்டுமா?

கணக்குத் தெரிந்தவன் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லித் தரட்டும். எலெக்ட்ரீஷியன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயரிங் பார்க்கட்டும். ஒன்றும் தெரியாதவன் கண்மாய்க் கரையில் கருவேலம் வெட்டட்டும், அது எல்லாச் சாதிக்காரனும் திட்டிக்கொண்டே செய்கிற வேலை.

இன்னொன்று. சிறைக்கு வெளியே வைத்துக் கண்காணிப்பது என்றாலே கருணை என்று இங்கே நிறையப் பேர் நினைக்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் போய்ச் சொல்லிப் பாருங்கள். பிறந்த சமூகத்தை வைத்தே ஆளைக் குற்றவாளியாக்கிய வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப் பழங்குடிச் சட்டத்தில் யாரையும் சிறையில் அடைக்காமலே ஊர் ஊராகக் கைரேகை எடுத்தார்கள், இரவில் ஸ்டேஷனில் வந்து படுக்க வைத்தார்கள். ரேகை வைக்க மறுத்ததற்கு 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு, 16 பேர் போனார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அது ஒழிந்தது. கண்காணிப்பை எழுதும்போது முடிவு தேதியையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

21 ஆகஸ்ட்

வவுனியாவிலிருந்து ஓர் அம்மா எழுதியதை எல்லாரும் படியுங்கள். இலங்கையில் 1999-இலேயே சமூகம்சார் சீர்திருத்தத்துக்கென்று தனிச் சட்டம் வந்து, அதற்கென்று ஒரு திணைக்களமும் இருக்கிறது. அங்கே சிறைக்குப் போகும் தண்டனைக் கைதிகளில் பெரும்பகுதியினர் அபராதம் கட்ட முடியாதவர்கள். அங்கே இது நேரடியாகச் சிறைக்கு மாற்று. ஆள் வேறு, பிரச்சினை வேறு, அதே மருந்து அங்கே பொருந்துகிறது.

நமக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. நன்னடத்தை அலுவலர்கள் என்று தமிழ்நாட்டில் சிறைத் துறையின் கீழேயே ஒரு பிரிவு இருக்கிறது, மாகாணச் சட்டம் 1936-லேயே வந்தாயிற்று. புதிதாக ஆள் தேட வேண்டாம். அவர்களிடம் கொடுங்கள், வண்டியும் உதவியாளரும் சேர்த்து.

24 ஆகஸ்ட்

கல்லூரியில் படிக்கும் மகனுக்காக ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார், விவரம் சொல்ல மாட்டேன். பொருளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, முதல் வழக்கு, 20 வயது. சமூக சேவை கேட்டு ஒப்புக்கொள்ளச் சொல்லலாமா என்கிறார்.

அவசரப்படாதீர்கள் ஐயா. சமூக சேவை ஒரு தண்டனை. குற்றவாளி என்ற தீர்ப்பும் அதன் மேல் தண்டனையும் ஏட்டில் நிற்கும், நாளைக்கு வேலைக்கு விண்ணப்பம் போடும்போது அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். 1958-ஆம் வருடத்து நன்னடத்தைச் சட்டத்தில் எச்சரித்து விடுவதோ, நன்னடத்தைப் பிணையில் விடுவதோ கேட்டுப் பாருங்கள். அதிலும் தீர்ப்பு அழியாது, ஆனால் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. 21 வயதுக்குக் கீழே என்றால் சிறைக்கு அனுப்ப நீதிபதி காரணம் எழுதியாக வேண்டும், 6-ஆம் பிரிவு. புதுச் சட்டத்தின் 'கட்டாயம் சமூக சேவை' என்கிற வரி இந்தப் பழைய சட்டத்தை மறிக்கிறதா என்று அரசுத் தரப்பில் வாதம் வரலாம். மறிக்காது என்பது என் கட்சி. உங்கள் வக்கீலிடம் இரண்டு சட்டத்தையும் சேர்த்துக் காட்டி மனு போடச் சொல்லுங்கள், வாய்மொழியாகக் கேட்டுவிட்டு விட்டுவிட வேண்டாம். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கோர்ட் கேட்டால் அவர் வீட்டுக்கு விசாரிக்க வருவார். அன்றைக்குப் பையன் வீட்டில் இருக்கட்டும், கல்லூரி அடையாள அட்டையோடு.